ஆப்பத்தின் மேல் விழுந்த பழி

2024 ஜூனில் ஒரு சனிக்கிழமை காலை, வாஷிங் மெஷின் நின்றுபோனது. உள்ளே இரண்டு படுக்கை விரிப்பும் நாலு தலையணை உறையும் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்க, கதவு பூட்டிக்கொண்டு திறக்க மறுத்தது. திரையில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மாறி மாறி மின்னின. வாங்கிப் பதினாலு மாதம்தான் ஆகியிருந்தது. விலை 2,199 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). முகப்பில் இன்னும் உரிக்காத ஸ்டிக்கர்: 'மோட்டாருக்கு 10 ஆண்டு உத்தரவாதம்'. அந்தப் பத்து ஆண்டு மோட்டார் என்கிற இரும்புக்கு மட்டும்தான், கழற்றி மாட்டும் கூலி அதில் சேராது, மற்ற பாகங்களுக்கு இரண்டே வருடம் என்பதெல்லாம் அட்டையின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருக்கும். வாங்கும்போது யார் அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார்கள்? நானும் பார்க்கவில்லை. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முப்பது வருடம் எலக்ட்ரானிக்ஸ் பாகங்களைச் சோதித்துச் சம்பளம் வாங்கியவன் இதைச் சொல்ல வெட்கப்படத்தான் வேண்டும்.

சேவை மையத்துக்குப் போன் செய்த கதையை நீட்டப் போவதில்லை. மலாய்க்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு, அப்புறம் பியானோ. அந்தப் பியானோ ராகத்தை என் மனைவி சமைக்கும்போது தன்னை அறியாமல் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள். ஒன்பது நாள் கழித்துத்தான் ஆள் வந்தார். அதுவரை ஈரத் துணியை வாளியில் போட்டு ஜெலுத்தோங் சாலையிலுள்ள இருபத்துநாலு மணி நேர டோபிக்கு, அதாவது சலவைக் கடைக்கு, தூக்கிக்கொண்டு போனோம். பூட்டிய கதவைத் திறக்க, கீழே இருக்கும் சின்ன மூடியைத் திருகித் தண்ணீரை வடிக்க வேண்டும், பக்கத்தில் ஒரு நாடாவை இழுக்க வேண்டும். இதைக்கூட வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

வந்தவர் நம் தமிழ்ப் பையன்தான். இருபத்தைந்து வயதிருக்கும், மரியாதையாகப் பேசினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் எங்கள் வீட்டுப் பூனை நேராகப் போய் அவர் காலில் உரசியது. அதுதான் அது செய்த தப்பு.

"அங்கிள், பூனை வளர்க்கிறீங்களா?"

"ஆமா."

"ஓ." அந்த 'ஓ'விலேயே தீர்ப்பு எழுதி முடிந்திருந்தது. கீழ் மூடியைத் திறந்தார். வடிகட்டியில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டை விரல் அளவு முடி உருண்டை. அதை டிஷ்யூ தாளில் வைத்து, போலீஸ்காரர்கள் தடயத்தைப் படம் பிடிப்பதைப் போல மூன்று கோணத்தில் போனில் எடுத்துக்கொண்டார். பின்பக்கத்தைக் கழற்றவில்லை. மேல் மூடியைத் தூக்கவில்லை. ஏழே நிமிடம். 'செல்லப்பிராணியின் முடியால் போர்டு பழுது, உத்தரவாதத்தில் அடங்காது' என்று டேப்லெட்டில் தட்டி, என் விரலால் கையெழுத்துக் கேட்டார். புதுப் போர்டு, அதாவது மெஷினை இயக்கும் மின்சுற்றுப் பலகை, 680 வெள்ளி, கூலி தனி. "போர்டை நீங்க பார்க்கவே இல்லையே தம்பி" என்றேன். "சிஸ்டம்ல அப்படித்தான் வருது அங்கிள்" என்றார். பாவம், அவருக்கு அன்றைக்கு இன்னும் ஐந்து வீடு பாக்கி.

ஆப்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஊரே வீட்டுக்குள் முடங்கிய இரண்டாவது வாரம், மழைநீர்க் கால்வாயிலிருந்து மகள் தூக்கி வந்த குட்டி. நடுவில் வெள்ளை, ஓரமெல்லாம் பழுப்பு. பெயர் தானாக வந்துவிட்டது. இந்த ஊர்ப் பூனைகள் பலவற்றுக்கும் இருப்பதைப் போல வால் நுனியில் ஒரு மடிப்பு, குடைக் கம்பியை வளைத்த மாதிரி. மெஷின் ஓடும்போது மேலே உட்காரும். சூடும் அதிர்வும் அதற்குப் பிடிக்கும். முடி கொட்டும், மறுக்கவில்லை. நான் வேட்டி கட்டினால் கோயிலில் பின்னால் நிற்பவர் தட்டிவிடும் அளவுக்குக் கொட்டும். ஆனால் கையெழுத்துப் போட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 680 வெள்ளி ஒரு பக்கம் இருக்கட்டும். ஏழு நிமிடத்தில், எதையும் திறந்து பார்க்காமல், திருப்பிப் பேசத் தெரியாத ஒன்றின் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் போகிறார்களே என்று கொதித்தது. விடிகாலை மூன்று மணிக்கு, பூனை என் காலடியில் சுருண்டு கிடக்க, இதே காரியத்தை நான் முன்பொருமுறை செய்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது.

2015 செப்டம்பர்

பினாங்குக்காரர்களுக்கு அந்த மாதம் மறந்திருக்காது. அதுவரை ரேபிஸ் என்கிற வெறிநாய்க்கடி நோய் என்பது நமக்கு வேறு நாட்டு நோய். பெர்லிசிலும் கெடாவிலும் வந்து, பிறகு பினாங்கிலும் நாய்களிடம் கண்டுபிடிக்கப்பட்டது. அறிகுறி தோன்றிவிட்டால் ஆள் பிழைப்பது அநேகமாக இல்லை என்று வானொலியில் சொன்னார்கள். மாநில அரசு தெரு நாய்களைக் கொல்ல உத்தரவிட்டது. விலங்கு நல அமைப்புகள் நாடு முழுக்க எதிர்த்துக் குரல் கொடுத்தன. மகள் அப்போது ஆரம்பப் பள்ளி. தெருமுனையில் நாலைந்து நாய்கள் சுற்றும். நான் எந்தப் பக்கம் நின்றேன் என்று சொல்லத் தேவையில்லை.

என் நண்பன் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தின் பாகான் டாலாமில் பிறந்து வளர்ந்தவன். நானும் அங்கேதான். ஒரே தமிழ்ப் பள்ளி, ஒரே பெஞ்சு. 1987இல் ஒரே நாளில் தொழிற்சாலையில் சேர்ந்தோம். கம்பெனி பஸ் பாலத்தைத் தாண்டும்போது ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து தூங்கிய நாட்கள் அவை. விடுமுறையில் பாலம் வேண்டாம், பெர்ரிதான். மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு தீவுக்கு வந்து கடைத்தெருவில் வடை தின்றுவிட்டுப் படம் பார்ப்போம். 1998இல் ஆட்குறைப்பு வந்தபோது அவன் பெயர் பட்டியலில் இருந்தது, என் பெயர் இல்லை. அவன் அலட்டிக்கொள்ளவில்லை. பட்டர்வொர்த்தில் ஒரு வரிசைக் கடையில் மின்சாதனப் பழுது பார்க்க உட்கார்ந்துவிட்டான். கல்யாணமாகித் தீவுக்குக் குடிவந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கடைதான் எனக்கு.

அந்தக் கடையின் ஐந்தடிப் பாதையில் மணி என்று ஒரு நாய் படுத்திருக்கும். யாருடைய நாயும் இல்லை, அவன் சோறு போட்டதால் அவன் நாய். ரேபிஸ் செய்தி வந்த வாரமே அதற்குத் தடுப்பூசி போட்டு, அட்டையைக் கடை மேசை இழுப்பறையில் வைத்திருந்தான். கழுத்துப் பட்டை மட்டும் போடவில்லை. போட்டால் கடித்துப் பிய்த்துவிடும் என்பான். உரிமமும் இல்லை. ஒரு நாள் விடியற்காலை நாய் பிடிக்கிறவர்கள் வந்தார்கள். அவன் ஒன்பது மணிக்குக் கடை திறக்க வந்தபோது சாக்கு மட்டும் கிடந்தது. இழுப்பறையிலிருந்த அட்டையை எடுத்துக்கொண்டு மூன்று இடத்துக்கு அலைந்தான். பிரயோஜனமில்லை.

இரண்டு நாள் கழித்து மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) உட்கார்ந்தோம். அவன் வேறொரு விஷயமாகத்தான் பேச்சை ஆரம்பித்தான். ஊசி போட்ட நாய் தெருவில் இருப்பதுதான் நமக்குப் பாதுகாப்பு, அதை அப்புறப்படுத்தினால் அந்த இடத்துக்கு ஊசி போடாத வேறு நாய் வந்து உட்காரும், பத்து நாயில் ஏழுக்கு ஊசி போட்டால் நோய் பரவுவது அறுந்துபோகும் என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது என்றான். எங்கேயோ படித்து, மனப்பாடம் செய்துகொண்டு வந்தவன் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் தே தாரிக் என்கிற பால் தேநீரை ஆற்றிக்கொண்டே, "வேற என்னதான்டா செய்யச் சொல்ற அவங்கள? தெரு நாய்னா தெரு நாய்தான். பட்டை போடாதது உன் தப்பு" என்றேன்.

அவன் சொன்ன கணக்கு சரி என்பது பிற்பாடு எனக்கே தெரிந்தது. அன்றைக்கு அது சரியா தவறா என்று நான் யோசிக்கவே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. சீக்கிரமாகக் கிடைத்த முடிவு மணி. நண்பன் ஒன்றும் பேசவில்லை, பணத்தை வைத்துவிட்டு எழுந்தான். அடுத்த ஞாயிறு எனக்கு ஏதோ வேலை. அதற்கடுத்த ஞாயிறு அவனுக்கு ஏதோ வேலை. இப்படியே ஒன்பது வருடம். சண்டை என்று யாரிடமும் சொல்ல முடியாது. கல்யாண மண்டபத்தில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம். ஒரு தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் பாதையிலிருந்த பந்தலில் அவன் மோர் ஊற்றிக்கொண்டிருந்தான். நான் பக்கத்துப் பந்தலில் போய்ப் பானகம் குடித்தேன். எனக்குப் பானகம் பிடிக்கவே பிடிக்காது.

நாலு ஸ்குரூ

போன் எண் மாறவில்லை. காலையில் அழைத்தேன். மனதுக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், "வாஷிங் மெஷின் ஓடலடா" என்றுதான் வாயில் வந்தது. அவன் நாலு விநாடி சும்மா இருந்துவிட்டு, "என்ன கோட் காட்டுது?" என்றான்.

மோட்டார் சைக்கிளைப் பெர்ரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். இப்போது ஓடும் புதுப் பெர்ரிகளில் கார் ஏற முடியாது, ஆட்களும் இருசக்கர வாகனங்களும் மட்டும்தான். அவன் ஹெல்மெட்டைக் கழற்றியதும் தலை முழுக்க நரைத்திருந்தது தெரிந்தது. கல்யாண வீடுகளில் சாயம் பூசிக்கொண்டு வந்திருப்பான் போல. "என்னண்ணே, மெஷின் கெட்டாத்தான் வருவீங்களா?" என்று மனைவி கேட்டாள். "கெட்டாத்தான கூப்பிடுறாங்க" என்றான். இதை அவன் சிரித்துக்கொண்டு சொன்னானா என்று இன்னும் எனக்குத் தீர்மானமில்லை.

சேவை அறிக்கையைப் படித்தான். வடிகட்டியிலிருந்த முடியை நான் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தேன், அதையும் வாங்கிப் பார்த்தான். "முடி பில்டர்ல இருக்குன்னா பில்டர் வேலை செய்யுதுன்னு அர்த்தம். அது அங்க நிக்கணும்னுதானே பில்டரே வெச்சிருக்கான்" என்றான். மெஷினைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பக்கத்தில் முத்திரை ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான். இல்லை. அதைப் படம் எடுத்தான். பிறகு நாலு ஸ்குரூ. தகடு கையோடு வந்தது. போர்டு ஒரு பெட்டிக்குள், பிசின் ஊற்றி மூடிய நிலையில், துடைத்து வைத்தது போல் இருந்தது. பூனை முடி என்ன, பூனையே வந்தாலும் நுழைய முடியாது. அவன் போர்டைப் பார்த்து நேரம் போக்கவில்லை. மோட்டாருக்குப் போகும் ஒயர் கட்டை டார்ச் வெளிச்சத்தில் மேலிருந்து கீழே தொடர்ந்தான். பாதி வழியில் நிறுத்தினான். "இங்க வா."

ஒயர்கள் ஒரு தகட்டு விளிம்பில் சாய்ந்திருந்தன. டிரம் சுற்றும்போதெல்லாம் அந்த விளிம்பில் உரசி, உரசி, இரண்டு ஒயர்களின் உறை தேய்ந்து செம்பு தெரிந்தது. ஒன்று முழுசாக அறுந்திருந்தது. அதற்குச் சற்று மேலே தகட்டில் ஒரு சின்ன ஓட்டை, காலியாக. ஒயரைப் பிடித்துக்கொள்ளும் கிளிப் அங்கே இருந்திருக்க வேண்டும். விழுந்து உள்ளே கிடக்கிறதா என்று அடித்தட்டு முழுவதும் தேடினோம். இல்லை. மாட்டவே மறந்திருக்கிறார்கள். முப்பது வருடம் நான் செய்த வேலையே இதுதான்: வரிசையில் கிளிப் விடுபட்டிருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரம் கட்டுவது. பத்து சென் பெறுமா அந்தக் கிளிப்? எங்களிருவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்தது.

ஒயரை ஒட்ட அவனுக்குப் பத்து நிமிடம் போதும். சாலிடரிங் கோல் பையில் இருந்தது. ஆனால் தொடவில்லை. "நான் கை வெச்சா, வெளியாள் தொட்டுட்டான்னு அதையும் எழுதுவாங்க. இப்படியே விடு. படம் மட்டும் எடு, பக்கத்துல ரூலர் வெச்சு எடு" என்றான். பழுதைக் கண்ணெதிரே பார்த்தும் சரி செய்யாமல் தகட்டை மூடுவது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது, ஒவ்வொரு ஸ்குரூவையும் அவன் முடுக்கிய விதத்தில் தெரிந்தது.

அப்போதுதான் ஆப்பம் வந்தது. வழக்கம்போல மெஷின் மேல் தாவி ஏறி, வாலின் மடிப்பை அவன் மூக்குக்கு நேரே ஆட்டியது. கையை நீட்டினான், முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் கொடுத்தது. தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சு. வருஷா வருஷம்."

"அட்டை இருக்கா?"

இருந்தது. எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்து எடுத்து வந்தேன். அந்த ஏழெட்டு அடி தூரம் நடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவன் குத்திக் காட்டக் கேட்டானா, வீட்டுப் பிராணியைப் பார்த்தால் கேட்கும் பழக்கத்தில் கேட்டானா, அதுவும் தெரியாது. அட்டையை வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டி, கால்நடை மருத்துவரின் முத்திரைகளையும் தேதிகளையும் ஒரு அதிகாரி பார்ப்பது போலப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான். "பத்திரமா வை" என்றான்.

மனைவி மீன் குழம்பு வைத்திருந்தாள், சாப்பிட்டான். கேட்டுக்கு வெளியே வண்டியைத் திருப்பும்போது, இனி விட்டால் முடியாது என்று, "டேய், மணி விஷயத்துல அன்னிக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்தேன். "அதுக்கப்புறம் ரெண்டு நாய் வந்து போயிடுச்சுடா" என்றான். அவன் மன்னித்துவிட்டதாக நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இரண்டு நாய்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது என்பதுதான் காதில் விழுந்தது. வண்டியை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டான்.

ஐந்து வெள்ளி

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டேன். (தமிழ்நாட்டில் நுகர்வோர் என்கிறார்கள். நமக்குப் பயனீட்டாளர்தான். அப்பா, பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் தமிழ் இதழை ஒரு வரி விடாமல் படித்து, அதன் தலைவராக இருந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் சொன்னார் என்று வீட்டில் செயற்கை வண்ணம் போட்ட தின்பண்டங்களைத் தடை செய்தவர். அதனால் எனக்கு இந்தச் சொல்லில் ஒட்டுதல் அதிகம்.) பாரம் (படிவம்) 1, கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, பொதுவாக வைக்கவும் விடமாட்டார்கள். 50,000 வெள்ளி வரை கேட்கலாம். 2019க்கு முன் அது 25,000ஆக இருந்தது. பிரச்சினை கிளம்பி மூன்று வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதைவிட முக்கியம், உத்தரவாத அட்டையில் என்ன எழுதியிருந்தாலும், விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. 'நாங்கள் பொறுப்பல்ல' என்று அட்டையில் அச்சடித்துவிட்டு அதிலிருந்து நழுவ முடியாது.

ரசீதுதான் கொஞ்சம் பயமுறுத்தியது. கடைகளில் கொடுக்கும் வழவழப்புத் தாள் நம் ஊர்ச் சூட்டுக்கு ஒரு வருடத்தில் வெளுத்துப்போகும். மைலோ டின்னிலிருந்து எடுத்தபோது கடையின் பெயர் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. நல்ல வேளை, வாங்கிய அன்றே மனைவி போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். நான் செய்ததில்லை, இனி செய்வேன்.

பாரத்தை நிரப்பும்போது மூன்று வருடக் கெடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். மணியின் கணக்கில் பார்த்தால் 2018லேயே எனக்கோ அவனுக்கோ கேட்க உரிமை போய்விட்டது. சரி, அது வேறு தீர்ப்பாயம்.

மனுவின் நகலோடு நண்பன் எடுக்கச் சொன்ன படங்களையும் இணைத்து நிறுவனத்துக்கு அனுப்பினேன். பதில் மனு போட அவர்களுக்குப் பதினாலு நாள். பதினோராம் நாளே போன் வந்தது. இந்த முறை பியானோ இல்லை, அவர்களே அழைத்தார்கள். விசாரணைக்குப் போகும் முன்பே முடிந்தது: ஒயர் கட்டு முழுவதையும் புதிதாக மாற்றினார்கள், கூலி இல்லை, டோபிக்குச் செலவழித்த 96 வெள்ளியையும் தந்தார்கள். வந்தது அதே பையன். "அங்கிள், சாரி" என்றார். கிளிப்பை மாட்டிவிட்டு, இழுத்துப் பார்க்கச் சொன்னார். இழுத்தேன், நின்றது. ஆப்பம் மறுபடியும் போய் அவர் காலில் உரசியது. அதற்கு ரோஷம் கிடையாது.

அன்று சாயங்காலம் நிறுவனத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. இன்றைய சேவைக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எத்தனை புள்ளி கொடுப்பீர்கள்? பையனுக்கு ஐந்து, அந்த ஏழு நிமிடத்துக்கு ஒன்று, இரண்டையும் எப்படிக் கூட்டுவது என்று எனக்குக் குழப்பம். மனைவி, "ஐந்து போடுங்க, புள்ளைக்கு வேலை போயிடப் போகுது" என்றாள். அதை அப்படியே வாட்ஸ்அப்பில் நண்பனுக்கு அனுப்பி, என்ன போடட்டும் என்று கேட்டேன். ஒன்பது வருடத்தில் நான் அவனுக்கு அனுப்பிய முதல் வெட்டிச் செய்தி. இரண்டு நீலக் கோடு விழுந்து வெகுநேரம் பதிலில்லை. இரவு பத்தரைக்கு மேல், கடையைப் பூட்டிவிட்டு வந்திருப்பான், ஒரே வரி வந்தது:

"பூனையைக் கேட்டு எழுது."